தைத்துக் கொடுத்த தோட்டம்

தேனீக்களைக் காப்பாற்றியே தீருவது என்று ஒரு வாரியம் கிளம்பிவிட்டால், தேனீக்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊர் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். மாஸ்டர் வீட்டுத் தேனீக்களால் அது முடியவில்லை. அவை அப்போது முட்டைக்குள் இருந்தன.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை, தையல் மாஸ்டர். வீட்டு முன்னறையே கடை. அதற்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் படுக்கையறை, அதன் ஜன்னலுக்கு வெளியே தோட்டம். தோட்டம் என்று சொன்னால் தோட்டத்துக்கே சிரிப்பு வரும். ஒரு ரோஜா, ஓர் அவரைக் கொடி, தரையெல்லாம் பூசணி, இடையிடையே யாரும் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்துகொண்ட காட்டுச் செடிகள். மருந்து அடிப்பதில்லை, சருகு கூட்டுவதில்லை. கொள்கை, லட்சியம் என்றெல்லாம் எதுவும் இல்லை. அவர் மனைவியின் குணம் அப்படி. "வந்தது வந்துடுச்சு, இருந்துட்டுப் போகட்டுமே" என்பாள்.

அந்த மனைவி மழைக்காலத்தில் பின்படியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். டாக்டர் ஆணி வைத்துப் பூட்டினார். பிறகு மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "எலும்பு கூடிடுச்சு. இனிமே நடக்கணும். நடக்கலேன்னா படுத்த படுக்கையாவே போயிடுவாங்க" என்றார். அவளோ காலைத் தரையில் வைக்க மாட்டேன் என்றாள். விழுந்த சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறதாம். மாஸ்டர் கெஞ்சினார், திட்டினார், ஒரு நாள் அழுதும் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

ஜன்னலுக்கு நேரே, சுவரில் சாய்ந்து கிடந்தது பழைய தையல் மெஷினின் மரப்பலகை. திருகாணிகளைக் கழற்றியதால் உடம்பெல்லாம் ஓட்டை. ஒரு நாள் படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, இங்க வாங்க! உங்க பலகையில வேற டெய்லர் கடை போட்டுட்டா!"

மாஸ்டர் கழுத்தில் டேப்போடு ஓடினார். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னத் தேனீ ரோஜா இலையின் ஓரத்தில் உட்கார்ந்து, கத்தரி போல வாயை ஓட்டி, ஒரு துண்டை வெட்டிச் சுருட்டிக் காலில் இடுக்கிக்கொண்டு பறந்து, திருகாணி ஓட்டைக்குள் நுழைந்தது.

"சாக்பீஸ் இல்லை, டேப் இல்லை. வட்டத்தைப் பார்த்தீங்களா? உங்களால வருமா?"

மாஸ்டர் இலையைத் தடவிப் பார்த்தார். பிசிறில்லாத வெட்டு. அடுத்தடுத்த நாட்களில் அவருக்கே தெரிந்தது: சுவருக்கு நீளத் துண்டு, மூடிக்கு வட்டத் துண்டு. சட்டைக்குக் கை வேறு, காலர் வேறு வெட்டுவது மாதிரி. உள்ளே மகரந்த உருண்டை, அதன்மேல் முட்டை, அதன்மேல் மூடி. ஓட்டைகள் ஒவ்வொன்றாகப் பச்சை பூசி அடைபட்டன.

"இந்த ஓட்டை என்னைக்குத் திறக்குதோ, அன்னைக்கு நான் எழுந்து நடக்கிறேன்" என்றாள் அவள். "அதுவரைக்கும் என்னை நச்சரிக்கக் கூடாது."

"சத்தியமா?"

"உள்ள வச்சிருக்கிற ஆணி மேல சத்தியம்."

மாஸ்டர் அன்றிலிருந்து பலகைக்குக் காவல்காரர் ஆனார். வாடிக்கையாளரின் கால்சட்டை காத்திருக்கலாம். பலகை காத்திருக்காது.

கெட்ட நேரம், அந்தச் சமயத்தில்தான் 'மகரந்த உதவியாளர் நல வாரியம்' அவர்கள் தெருக்கோடியில் கட்டடம் கட்டிக் குடிவந்தது. "பூச்சி வாழ்ந்தால் பூமி வாழும்!" என்று ஒலிபெருக்கி வண்டி தெருத் தெருவாகச் சுற்றியது. அந்தச் சத்தத்தில் அவரைக் கொடியில் இருந்த வண்டுகள் பாதி ஓடிப்போயின. வீட்டுத் தோட்டங்களை எல்லாம் வாரியம் ஆய்வு செய்யுமாம், பூச்சிகளுக்கு உதவுமாம்.

ஆய்வாளர் வந்தார். வெயில் தாழ்ந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தார். வெயிலில் அவருக்குத் தலைவலி வருமாம்.

"தேனீ எங்கே?" என்றார்.

"சார், அதெல்லாம் பகல்ல வரும். இப்ப அடங்கிப் போயிருக்கும்."

"ஆய்வு நேரத்தில் ஆஜர் இல்லை" என்று ஆய்வாளர் முகத்தைச் சுளித்தார். "நாங்க இவ்வளவு தூரம் வர்றோம். அதுங்களுக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா?" பிறகு ரோஜாவிடம் குனிந்தவர், பாம்பைக் கண்டவர் போல நிமிர்ந்தார். "இலையெல்லாம் ஓட்டை! என்ன புழு இது?"

"புழு இல்ல சார், தேனீதான். இலையை வெட்டிக் கூடு கட்டுது. இதோ, இந்தப் பலகையில..."

ஆய்வாளர் சட்டைப்பையில் குத்தியிருந்த வாரியச் சின்னத்தைக் காட்டினார். அதில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட குண்டுத் தேனீ ஒன்று, கையில் பூவோடு சிரித்துக்கொண்டிருந்தது. "இதுதான் தேனீ. இது கையில கத்தரி இருக்கா?"

"இல்ல சார்."

"உங்க பூச்சிக்குக் கோடு இருக்கா?"

"சாம்பல் கலரா இருக்கும் சார்."

"சிரிக்குமா?"

மாஸ்டர் யோசித்தார். அவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததில்லை.

"அப்ப அது கிருமி" என்று ஆய்வாளர் முடித்தார். "இலையெல்லாம் முழுசா இருக்கணும். அடுத்த ஆய்வுல ஒரு ஓட்டை இருந்தாலும் சிகிச்சைப் படை வரும். தோட்டம் முழுக்க மருந்து அடிச்சு, பலகையை எரிச்சு, சுத்தம் பண்ணித் தந்துடுவாங்க. அப்பதான் தேனீ தைரியமா வரும்."

மறுநாள் மாஸ்டர் கடையைப் பூட்டிவிட்டு வாரிய அலுவலகத்துக்கு ஓடினார். வாசலில் வலைக்கதவு, அதைத் தாண்டி இன்னொரு வலைக்கதவு, அதைத் தாண்டி நீல விளக்கு. ஈயோ கொசுவோ அதில் முட்டினால் 'பட்' என்று சத்தம் வரும். இணைச் செயலாளரின் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்க ஜன்னலுக்குக் கண்ணாடி, கண்ணாடிக்கு வலை, வலைக்குத் திரை.

"அதைத் திறக்கிறதே இல்லை" என்றார் இணைச் செயலாளர் பெருமையோடு. "கட்டினதிலேர்ந்து திறக்கலை. பின்பக்கம் என்ன இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது. பூச்சிகளுக்காகவே வாழ்றவங்க நாங்க. கவனம் சிதறக் கூடாதில்லையா?"

'பட்' என்றது நீல விளக்கு. அவர் மரியாதைக்கு ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்.

மாஸ்டர் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி, இடுப்பு, ஆணி, பலகை, சத்தியம். "கொஞ்ச நாள் விட்டுடுங்கய்யா. அது தானா திறந்துக்கும். அவ எழுந்துடுவா."

இணைச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். "உங்க கஷ்டம் புரியுது. ஆனா ஒரு உயிரினத்துக்கு நாங்க உதவணும்னா, அது உதவி வாங்கிக்கிற நிலைமையில இருக்கணும். முட்டைக்குள்ள இருந்தா நாங்க எப்படி உதவறது? அது வெளிய வந்து, பறந்து, ஆய்வாளர் கண்ணுல பட்டு, கோடு இருந்து... இதெல்லாம் அது செய்யவேண்டியது. நாங்க செய்ய முடியாது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. இலையை முழுசாக் காட்டிடுங்க. எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்த மாஸ்டர் வெட்டு மேஜையில் தலையை வைத்துப் படுத்தார். கண்ணெதிரே பச்சை லைனிங் துணி. ஒரு தையல்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய அந்த விபரீத யோசனை அப்போதுதான் வந்தது. ஓட்டை விழுந்தால் என்ன செய்வது? ஒட்டுப் போடுவதுதானே?

அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "பைத்தியமா உங்களுக்கு? கொண்டாங்க இங்க, இலை நரம்பை நான் தைக்கிறேன். உங்க கைத்தையல் லட்சணம் எனக்குத் தெரியும்."

பல் பல்லாக வெட்டும் ஜிக்ஜாக் கத்தரியால் மாஸ்டர் ஓரம் வெட்டினார். ரோஜா இலைக்கு அது தாயும் பிள்ளையும் போலப் பொருந்தியது. படுக்கையில் சாய்ந்தபடி அவள் நடுநரம்பைத் தைத்தாள். வெட்டுப்பட்ட ஒவ்வொரு இலையின் மேலும் ஒரு துணி இலை ஏறியது.

ஆய்வாளர் அந்தி மசங்கும் நேரத்தில் வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "அடடா! ஒரு ஓட்டை இல்லை. என்ன பளபளப்பு! நம்ம வாரிய உரமா?" என்று ஓர் இலையைத் தடவினார். விரல் நின்றது. மறுபடி தடவினார். நரம்பில் நகத்தால் கீறினார்.

ஜன்னலுக்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"துணியா?"

"...ஆமா சார்."

"வாடாது?"

"வாடாது சார்."

"பூச்சி அரிக்காது?"

"சாயம் போகாத துணி சார். பூச்சி கிட்டயே வராது."

ஆய்வாளரின் கண்கள் கலங்கின. "மாஸ்டர்! இத்தனை வருஷமா வாரியம் தேடிக்கிட்டிருந்த தோட்டம் இதுதான்யா!"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை ஆயிற்று. மாஸ்டர் வீடு 'மாதிரித் தோட்டம்' என்று அறிவிக்கப்பட்டது. வாரியத் தலைவரே நேரில் வந்து கேடயம் தரப்போகிறாராம். மறுநாளிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

பூசணிக் கொடி ஒழுங்கில்லாமல் ஓடுகிறது என்று பிடுங்கினார்கள். மாஸ்டர் வாயைத் திறந்தார். "பலகையும் பார்க்க அசிங்கமா இருக்கே" என்றார் ஆய்வாளர். மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். அவரைக் கொடி போயிற்று. பலகை தப்பியது. மண்ணுக்குள் வளை பறித்திருந்த வேறு வகைத் தேனீக்களின் தலைமேல், தலைவர் கால் அழுக்காகாமல் இருக்கத் தளக்கல் பதித்தார்கள். பலகை தப்பியது. காட்டுச் செடிகளை வேரோடு அள்ளினார்கள். கடைசியாக ரோஜாவையும் வெட்டிவிட்டு, "முழுசையும் துணியிலேயே தைச்சுடுங்க, அளவு ஒண்ணா இருக்கும்" என்றார்கள்.

"தைக்கிறேன் சார். பலகையை மட்டும் விட்டுடுங்க சார்."

தலைவரின் கார் வரும் வழி என்பதால் தெரு முழுவதற்கும் அதே உத்தரவு வந்தது. வீட்டுக்கு வீடு செடிகள் பிடுங்கப்பட்டன. மாஸ்டர் வீட்டு மெஷின் ஓயாமல் ஓடியது. சூரியகாந்தி, சாமந்தி, சங்குப்பூ என்று தைத்துத் தள்ளினார். பெடலை மிதிக்க மிதிக்க, தன் காலாலேயே எதையோ நசுக்குவது போல இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை. நிறுத்தினால் பலகை போய்விடும்.

பலகையைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். "பார்த்தியா? எல்லாம் பத்திரமா இருக்கு. ஒரு மூடிகூட உடையலை."

அவள் பலகையைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தளக்கல்லின் மேல் கம்பி குத்தி நிறுத்திய துணிப்பூக்கள் காற்றுக்குக்கூட அசையவில்லை.

"வெளிய வந்து எதைத் தின்னும்?" என்று கேட்டாள்.

மாஸ்டர் பலகையின் தூசியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"உங்க லைனிங் துணியையா?"

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் ஊசியைத் தொடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் படுப்பதையும் விட்டுவிட்டாள். இத்தனை நாளும் அவள் பார்த்துக்கொண்டாவது இருந்தாள்.

விழா நாளும் வந்தது. விடிந்ததுமே முதுகில் புகை மருந்து இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் தெருவெல்லாம் புகை அடித்தார்.

"தேனீ விழாவுக்கு எதுக்குய்யா பூச்சி மருந்து?" மாஸ்டர் ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தபடி அலறினார்.

"தலைவருக்குப் பூச்சின்னா அலர்ஜி" என்று இணைச் செயலாளர் பயபக்தியோடு சொன்னார். "ஒரு எறும்பு ஊறினாக்கூட உடம்பெல்லாம் தடிச்சுடும். அப்படிப்பட்டவர் இந்தப் பதவியை ஏத்துக்கிட்டார்னா எவ்வளவு பெரிய தியாகம், யோசிச்சுப் பாருங்க."

புகை அடங்கியது. தோட்டத்தில் மேடை எழுந்தது. கேடயம் வைக்க மேஜை மறந்துபோயிற்று. ஆய்வாளர் வீட்டுக்குள் புகுந்து தேடி, "இதுக்காவது உபயோகப்படட்டும்" என்று பலகையைத் தூக்கிக்கொண்டு போனார். "சார், வேண்டாம் சார்!" என்று பின்னாலேயே ஓடிய மாஸ்டரை, மாலை போட்டுப் பயனாளிக்கான நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தார்கள். ஜன்னல் வழியாக மேடையின் பின்பக்கம் நன்றாகவே தெரிந்தது. அவள் தலையைத் திருப்பினாள்.

மேடை விளக்குகளின் சூடு நேராகப் பலகை மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"என் வாழ்நாள் கனவு இன்று நனவாகிறது!" என்று தலைவர் கைகளை விரித்தார். "தேனீக்களுக்காக ஒரு தோட்டம்! சுத்தமான தோட்டம்! இங்கே ஒரு புழு உண்டா? பூச்சி உண்டா? கொட்டுகிற, கடிக்கிற, ஊர்கிற ஒன்றாவது உண்டா? இல்லை! பூச்சிகள் மேல் நாம் வைத்திருக்கும் அன்புக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இந்த நகரத்தின் கடைசித் தோட்டம் வரை இதே நிலையை உருவாக்காமல் நான் ஓயமாட்டேன்!"

கைதட்டல் அதிர்ந்தது. பலகையில் ஒரு பச்சை மூடி மெல்ல விரிசல் விட்டது. பிசிறில்லாத வட்டம் ஒன்று உள்ளிருந்து வெட்டப்பட்டு விழுந்தது. ஒரு சாம்பல் தலை எட்டிப் பார்த்தது.

"ஏங்க!" என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் கிழிந்தது. "திறந்துடுச்சு!"

ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. முதலாவது நேராகத் துணி ரோஜாவுக்குப் பறந்தது. உள்ளே புகுந்தது, வெளியே வந்தது, மறுபடி புகுந்தது. பக்கத்துப் பூ, அதற்கடுத்த பூ, எல்லாம் மாஸ்டர் கைப்பட மடித்துத் தைத்தவை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாஸ்டரால் அதைப் பார்த்துச் சகிக்க முடியவில்லை. இரண்டாவது, தலைவரின் புறங்கையில் போய் இறங்கியது.

"பூச்சி! பூச்சி! ஐயோ, அடிங்கடா!"

கேடயம் உருண்டது. தலைவரின் செருப்புக் காலடியில் ஒரு தேனீ நசுங்கியது. தலைவர் கார் இருந்த திசையில் ஓடினார். புகைக்காரர் இயந்திரத்தின் மூக்கைப் பலகைக்கு நேரே நீட்டினார்.

அப்போது பின்கதவு திறந்தது. நைட்டியோடு, கலைந்த தலையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். விழுந்த அதே படியில் காலை வைத்தாள். இறங்கினாள். ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வந்து, பலகைக்கு முன்னால் நின்றாள்.

"அடி, பார்க்கலாம்."

"அம்மா, தள்ளிக்கோங்க. வாரிய உத்தரவு" என்றார் புகைக்காரர் பரிதாபமாக.

"எதைக் காப்பாத்தறதுக்கு உங்க வாரியம்?"

"தேனீயைம்மா."

"இது என்ன?"

புகைக்காரர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் இணைச் செயலாளரைப் பார்த்தார். இணைச் செயலாளர் வேர்த்துப் போனார். தேனீ என்று சொன்னால் அடிக்க முடியாது. கிருமி என்று சொன்னால், மாதிரித் தோட்டத்தில் கிருமி எப்படி வந்தது? "முதல்ல இது என்னன்னு முடிவு பண்ணணும்" என்றார். "கூடிப் பேசலாம். அதுவரைக்கும் யாரும் எதையும் பார்க்கலைன்னு வச்சுக்குவோம்." அங்கேயே நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கோடு இருக்கிறதா இல்லையா என்று விவாதம் சூடு பிடித்தது.

மாஸ்டர் எழுந்தார். கழுத்தில் போட்டிருந்த மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஜன்னல் இடுக்கிலிருந்து உருவிய ஈரத்துண்டால் பலகையைப் போர்த்திக் கையில் தூக்கிக்கொண்டார். நிறைய மூடிகள் இன்னும் திறக்கவில்லை. உள்ளே சுரண்டுவது உள்ளங்கைக்குத் தெரிந்தது.

"நட" என்றார்.

"எங்க?"

"ஒரு பூ கிடைக்காமலா போயிடும்?"

தெருவில் இறங்கினார்கள். முதல் வீடு, துணிச் சூரியகாந்தி. அடுத்த வீடு, துணிச் சாமந்தி. அதற்கடுத்தது சங்குப்பூ, அதில் மட்டும் நூல் பிரிந்திருந்தது. ஒவ்வொரு வாசலிலும் அவள் மதில் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினாள். "நல்லாத்தான் தைச்சிருக்கீங்க" என்றாள் ஒருமுறை. அவள் அதைக் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. மாஸ்டருக்குத் தெருவில் உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது. துண்டுக்குள் சுரண்டல் அதிகமாகிக்கொண்டே வந்தது.

தெரு முடிந்தது. வாரியக் கட்டடம்தான் கடைசி. அதற்கப்பால் சாக்கடை.

"அவ்வளவுதாங்க" என்றாள் அவள். முகம் வெளுத்திருந்தது. "என்னால இனிமே முடியாது."

சாய்ந்து நிற்க இடம் தேடித்தான் கட்டடத்தின் பக்கச் சந்துக்குள் திரும்பினார்கள். சந்து முடிகிற இடத்தில், கட்டடத்துக்குப் பின்னால், அவள் மாஸ்டரின் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டினதிலிருந்து சொட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அந்த ஈரத்தில், ஒருவரும் எட்டிப் பார்க்காத அந்த இடத்தில், இடுப்புயரத்துக்குக் காடு மண்டியிருந்தது. மஞ்சள் பூ, ஊதாப் பூ, சுவரைப் பற்றி ஏறிய ஒரு கொடி. கொடியின் இலை ஒன்றில், ஓரத்தில், பிசிறில்லாத ஒரு வட்டம் யாரோ முன்பே வெட்டியது போல இருந்தது.

மாஸ்டர் பலகையைச் சுவரில் சாய்த்துத் துண்டை எடுத்தார். அவள் ஒரு கல்லின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள். மூடிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதலில் வந்தது ஊதாப் பூவுக்குள் தலையை விட்டது. வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

"சாப்பிடுதுங்க" என்றாள் அவள்.

மேலே ஜன்னலுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் தெரிந்தது. விவாதம் அலுவலகத்துக்கே இடம் மாறியிருந்தது போலும். யாரோ ஒருவர் திரையை லேசாக விலக்கினார். கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று பறந்தது.

"சார், பூச்சி! பூச்சி!"

"திரையை மூடுய்யா முதல்ல!" என்றது இணைச் செயலாளரின் குரல். "இந்த ஜன்னலை இனிமே எந்தக் காலத்திலும் யாரும் தொடக்கூடாது. உத்தரவு போட்டுடுங்க!"

திரை மூடிக்கொண்டது. அந்த வாரியத்தால் தேனீக்களுக்குக் கிடைத்த ஒரே உதவி அதுதான்.

அவள் கையை நீட்டினாள். "தூக்கி விடுங்க. நாளைக்கும் வந்து பார்க்கணும், இப்பவே நடந்து பழகினாத்தான் ஆகும்."